கறுப்புத் துணியும் இரண்டு கிலோ நிக்கலும்

அன்றைக்கு பிளான்ட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆபரேட்டர் கஜேந்திரனாகிய நான். முதலாளி. முதலாளியின் அக்கா வீட்டுக்காரர். முதலாளி அவரை பாவா என்று கூப்பிடுவதால் எங்கள் எல்லோருக்கும் அவர் பாவாதான். லேப் மேடம். எண்ணெய் வடிகட்டும் பிரஸ்ஸை ஓட்டும் முனிரத்தினம். மெழுகு ஏற்றிக்கொண்டு துறைமுகம் போவதற்காக வந்து, ஐந்து நாளாக கேட்டுக்கு வெளியே நின்ற லாரியின் டிரைவர், ஆந்திரா பக்கத்து நகரிக்காரர். ரியாக்டர் தூணில் ஒட்டியிருக்கும் முருகன் படத்தையும் சேர்த்தால் ஏழு.

இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாவா பிற்பாடு பொதட்டூர்பேட்டையில் போய், அன்றைக்கு அங்கே முப்பது பேர் கூடி நின்று தன்னை அவமானப்படுத்தியதாகச் சொன்னார் என்று கேள்வி. எங்கள் லேப்பில் முப்பது பேர் நிற்க முடியாது. புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, நீங்களே பார்த்திருப்பீர்கள், ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வாஷ்பேசினில் உட்கார வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதில் சேர்ந்தேன், ஆனால் போகவில்லை. பரீட்சை பயம் என்று வீட்டில் சொன்னார்கள். உண்மையில் எனக்குப் பரீட்சை மட்டும் பயமில்லை. பள்ளிக்கூடத்து மணி, கிணறு, போஸ்ட்மேன், எல்லாமே பயம். வேலைக்கு வந்த பிறகும் அது போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு கே.ஜி.கண்டிகை வரை வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போயிருக்கிறேன். பூட்டு பூட்டியபடி இருக்கும். அதை இழுத்துப் பார்த்ததில் கழன்றிருக்குமோ என்று மறுபடி பயம் வரும்.

இப்படிப்பட்டவனை ஹைட்ரஜன் ஓடுகிற இடத்தில் யார் வேலைக்கு வைத்தார்கள் என்று கேட்பீர்கள். முதலாளிதான். "பயப்படறவன்தான்பா இங்க வேணும். தைரியசாலிங்க ரெண்டு பேரை வெச்சுப் பார்த்துட்டேன்" என்றார். அந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று இருபத்தைந்து வருஷமும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பயத்துக்கு மருந்தாக நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். பிளான்ட் ரிஜிஸ்டர் வேறு; அது மேஜைமேல் இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். இது என் சட்டைப் பையில் இருக்கும். மனசில் எது உறுத்தினாலும் அதில் எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் கொஞ்ச நேரம் உறுத்தாது. இந்த நோட்டு கதைக்குள் மறுபடியும் வரும்.

நம் பிளான்ட் செய்வது என்ன என்று உங்களுக்குத் தெரியும். விளக்கெண்ணெய் வரும், கெட்டி மெழுகாகப் போகும். எண்ணெயோடு ஹைட்ரஜன் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு எத்தனை சூடு பண்ணினாலும் அவை ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காது. நாலு கிலோ நிக்கல் போட்டால் மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடும். வேலை முடிந்ததும் நிக்கலை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். அது குறையாது. புத்தகத்தில் இதற்கு வினையூக்கி என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் தெரிவதற்கு முன்பே பதினைந்து வருஷம் அதோடு வேலை செய்திருந்தேன்.

பிரச்சினை ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை. மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய பேட்ச் ஆறரை மணி நேரம் எடுத்தது. ரியாக்டர் மேலே பிரஷர் முள் இருக்கிறது அல்லவா, ஹைட்ரஜனை எண்ணெய் இழுத்துக்கொள்ள இழுத்துக்கொள்ள அது கீழே இறங்க வேண்டும். அன்றைக்கு அது இறங்கின வேகத்தைப் பார்த்தால், மலைக்கோயில் படியில் மொட்டை போட வந்த கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் முடிந்தது. நோட்டில் எழுதினேன். ரிஜிஸ்டரில் 'சற்றுத் தாமதம்' என்று மட்டும் எழுதினேன்.

வியாழக்கிழமை இரண்டாவது பேட்ச். இரண்டு மணி நேரம் ஆகியும் முள் பாதிகூட இறங்கவில்லை. மேடம் அன்றைக்கு லீவு. வெளியே லாரி வேறு வந்து நின்றுவிட்டது. டிரைவர் அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அண்ணா, ஆயிடுமா?" என்பார். அவர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் வால்வை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். டிரம்மைத் திறந்து, இன்னும் இரண்டு கிலோ நிக்கல் எடுத்து உள்ளே போட்டேன். கணக்குக்கு நாலு கிலோதான். நான் போட்டது ஆறு. யாரையும் கேட்கவில்லை. போட்ட பிறகும் முள் பெரிதாக அசையவில்லை. ஆகவே கேட்காமல் போட்டது ஒரு தப்பு, போட்டும் பிரயோஜனமில்லாதது இன்னொரு தப்பு என்று எனக்குப் பட்டது. இரண்டு தப்பையும் ரிஜிஸ்டரில் எழுதக் கை வரவில்லை. நாலு கிலோ என்றே எழுதினேன். சட்டைப்பை நோட்டில் மட்டும், 'இரண்டு கிலோ கூடப் போட்டேன். ரிஜிஸ்டரில் இல்லை. முருகா' என்று எழுதினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பயத்தில் ஒரு காரியம் செய்வது எல்லோருக்கும் நடக்கும். அதைப் பயத்தில் மறைப்பதுதான் ஆளை அடிக்கும். அன்றைக்கே எழுதியிருந்தால் முதலாளி ஐந்து நிமிஷம் திட்டியிருப்பார். ஐந்து நிமிஷத் திட்டை மிச்சம் பிடிக்கப் போய் நான் ஐந்து நாள் சாப்பிடாமல் கிடந்தேன்.

சனிக்கிழமை முதலாளி ஸ்டாக் பார்த்தார். டிரம்மில் இரண்டு கிலோ குறைந்தது. அன்றைக்குச் சம்பள நாள். என் கவரைப் பிரித்து எண்ணினால் ஆறாயிரம் குறைந்தது. கிலோவுக்கு மூவாயிரம் வீதம் இரண்டு கிலோ.

நான் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். முதலாளி தலையை நிமிர்த்தாமல், "செவ்வாக்கிழமை மூணாவது பேட்ச் போடும்போது பேசிக்கலாம் கஜா. இப்போதைக்குப் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றார். பக்கத்தில் பாவா உட்கார்ந்திருந்தார். அவர் தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தார்.

பாவா பற்றி ஒரு வார்த்தை. பொதட்டூர்பேட்டையில் எட்டு பவர்லூம் வைத்து லுங்கியும் வேட்டியும் ஓட்டுபவர். நம் பிளான்ட்டில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அது எத்தனை பங்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் வந்து செலவைக் குறைக்க வழி சொல்லுவார். டீத்தூளை இரண்டாவது தடவை போடச் சொன்னதும் அவர்தான். கெட்டவர் இல்லை. எதையும் வீணாக்க மனசு வராதவர்.

"நைனா, நிக்கல் இன்னா பண்டமா, பசிச்சா துன்றதுக்கு?" என்று என்னைக் கேட்டார். "மெட்ராஸ்ல பழைய இரும்புக் கடையில கொடுத்தா இன்னா விலை கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா?"

திருடன் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் அதைச் சுற்றி எல்லா வார்த்தையையும் சொன்னார். திருத்தணியில் ஒரு பேச்சை மலை அடிவாரத்தில் விட்டால், நாம் படியேறி மேலே போவதற்குள் அது சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருக்கும். எனக்கு மூன்று வருஷத்தில் ரிட்டயர்மென்ட். இருபத்திரண்டு வருஷம் வால்வைத் தொட்டுத் தொட்டுச் சம்பாதித்த பெயர், இரண்டு கிலோ நிக்கலில் போய்விடும் போல இருந்தது. வீட்டில் சம்பளம் குறைந்ததைச் சொல்லவில்லை. பேங்க்கில் ஏதோ கோளாறு என்றேன். கவரில் காசு வாங்குகிறவனுக்கு பேங்க்கில் என்ன கோளாறு என்று என் மனைவி கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. கிருத்திகை வேறு. ரோடெல்லாம் காவடி. முதலாளி விரதம், சாயங்காலம் மலைக்குப் போக வேண்டும் என்று காலையிலேயே விபூதி பட்டையோடு வந்திருந்தார். ஆரம்பத்தில் சொன்ன ஆறு பேரும் கூடியது இந்த நாளில்தான்.

பழைய நிக்கலைத் தொட வேண்டாம் என்று மேடம் சொன்னதால், புது டிரம் உடைத்து, எல்லோர் கண்முன்னும் நாலு கிலோ எடை போட்டு ரியாக்டரில் போட்டேன். ஹைட்ரஜன் திறந்தேன். முள் ஏறி நின்றது. எல்லோரும் முள்ளையே பார்த்தோம். அது எங்களைப் பார்த்தது.

ஒரு மணி நேரம். அசைவில்லை. அதாவது எண்ணெய் ஹைட்ரஜனைத் தொடவே இல்லை.

பாவாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சூட்டை ஏத்துப்பா. சோறு வேகலைன்னா தீயை ஏத்தமாட்டியா? இன்னும் முப்பது டிகிரி ஏத்து. ஆகலைன்னா என்னைக் கேளு."

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் சரி என்கிற மாதிரிதான் இருந்தது. வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. என் மேல் திருட்டுப் பேச்சு நின்றுகொண்டிருந்தது. சொன்னதைச் செய்தால் நல்ல பெயர் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். என் கை ஸ்டீம் வால்வு மேல் இருந்தது.

"மாட்டேங்க" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முதலாளி மேல் பயம் உண்டு, பாவா மேல் அதைவிடப் பயம் உண்டு, ஆனால் இழுத்துக்கொள்ள யாருமில்லாத ஹைட்ரஜனைச் சூடேற்றுவது மேல் எல்லாவற்றையும்விடப் பயம். பெரிய பயம் எதுவோ அதன் பேச்சைக் கேட்டேன், அவ்வளவுதான். ஸ்டீமை மூடினேன். ஹைட்ரஜனை மூடினேன். வால்வை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

"பார்த்தியா மாப்ளே" என்றார் பாவா, முதலாளியிடம். "சூடேத்தினா இவன் நிக்கல்ல பண்ண தில்லுமுல்லு தெரிஞ்சுடும்னு மூடிக்கினான்."

"மூடினது சரிதான் சார்" என்று பின்னாலிருந்து மேடம் சொன்னார். "ஏத்தியிருந்தா எண்ணெயே கெட்டுப் போயிருக்கும். இப்ப எண்ணெயாவது மிச்சம்."

மேடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பெயர் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். வயது அப்போது இருபத்து நாலு இருக்கும். மணவூரிலிருந்து ரயிலில் வருவார், சாப்பாட்டு டப்பாவில் பாதியை முனிரத்தினத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை நின்றபடி சாப்பிடுவார். எனக்கு மகள் வயது. என் வாழ்க்கையில் வாத்தியார் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டார். "அண்ணா, அந்த ரெண்டு கிலோவை உள்ள போட்டீங்களா, வெளிய எடுத்துட்டுப் போனீங்களா? இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"உள்ளதாம்மா. வியாழக்கிழமை. பயத்துல போட்டேன். பயத்துல எழுதல."

"அப்ப பிரச்சினையே இல்ல" என்றார். "நிக்கல் வேலை செஞ்சாலும் செய்யலைன்னாலும் எங்கயும் போகாது. போட்டது அங்கேயேதான் இருக்கும். எடுத்துப் பார்த்துடலாம்."

பாதியில் நிறுத்திய வியாழக்கிழமை பேட்ச்சில் வடிகட்டி எடுத்த நிக்கல், எண்ணெயில் மூழ்கவைத்து ஒரு டின்னில் இருந்தது. காற்றுப் பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் அப்படித்தான் வைப்போம். நீங்களும் அப்படித்தான் வைக்க வேண்டும். டின்னை மொத்தமாக எடை போட்டார். அதில் கொஞ்சம் எடுத்து லேப் அடுப்பில் எரித்துச் சாம்பலாக்கினார். எண்ணெய் எரிந்து போய்விடும், நிக்கல் சாம்பலில் நின்றுவிடும். பழைய நல்ல பேட்ச்சிலிருந்து எடுத்த சாம்பல் கணக்கு அவரிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் டின்னில் எத்தனை கிலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எரிந்து முடிய மதியம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் நான் லேப் வாசலில் நின்றேன். போட்டது நான்தான், எனக்கே நன்றாகத் தெரியும். இருந்தாலும், ஒருவேளை நான் போட்டதாக நினைத்துக்கொண்டு போடாமல் விட்டிருந்தால்? பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்கிறவனுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா?

தராசு காட்டும் எண்களை யார் படிப்பது என்று ஒரு சின்னத் தகராறு. மேடம் படித்தால் எனக்குச் சாதகம் என்றார் பாவா. பாவா படித்தால் என்ன ஆகும் என்று முனிரத்தினம் முணுமுணுத்தான். கடைசியில் யார் கட்சியும் இல்லாத லாரி டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டு, தராசில் ஓடிய எண்களை ஒவ்வொன்றாகத் தெலுங்கில் படித்தார். முதலாளி தமிழில் எழுதினார். மேடம் பெருக்கினார்.

நாலு கிலோவுக்கு வர வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு.

"ஆறு கிலோ" என்றார் முதலாளி மெதுவாக.

"ஆறுதான் சார்."

நான் உட்கார்ந்துவிட்டேன். வாஷ்பேசினில்தான். வேறு இடமில்லை.

முதலாளிக்கு நிம்மதி வந்த மாதிரியும் தெரிந்தது, எரிச்சல் வந்த மாதிரியும் தெரிந்தது. "நிக்கல் மொத்தமா கீது. ஒரு குந்துமணி குறையல. அப்புறம் ஏன் வேலை செய்யல? இன்னிக்குப் போட்டது புது டிரம்மு. அதும் செய்யலியே."

அதற்கு மேடம் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன். "சார், பொதட்டூர்பேட்டை பஸ்ஸை நினைச்சுக்கோங்க. எண்ணெயும் ஹைட்ரஜனும் ஏறி, பக்கத்துப் பக்கத்து சீட்டுல உட்காருது. சேருது. இறங்கிப் போகுது. சீட்டு காலி, அடுத்த ஆளு ஏறலாம். அதனாலதான் நாலு கிலோ நிக்கல் ஒரு டேங்க் எண்ணெயை முடிக்குது. இப்ப எவனோ ஜன்னல் வழியா துண்டு போட்டு எல்லா சீட்டையும் பிடிச்சு உட்கார்ந்துட்டான். இறங்கவும் மாட்டேன்றான். பஸ் அதே பஸ்தான், எடையும் அதே எடைதான். ஒருத்தரும் ஏற முடியல."

"யார் அவன்?" என்றார் முதலாளி, அந்த ஆளை இறக்கிவிடப் போகிறவர் மாதிரி.

"பெரும்பாலும் கந்தகம். துளி இருந்தா போதும். எங்கிருந்து வருதுன்னுதான் தெரியணும். போன ரெண்டு வாரத்துல என்ன மாறிச்சுன்னு சொல்லுங்க."

எண்ணெய் அதே வியாபாரி. வெளுக்கப் போடும் மண் அதே மூட்டை. ஹைட்ரஜன் அதே சிலிண்டர்காரர். எதுவும் மாறவில்லை என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அப்போது முனிரத்தினம், "அண்ணன் நோட்டுல எல்லாம் எழுதிகினு இருப்பாருங்க" என்று போட்டுக்கொடுத்தான்.

நோட்டைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதில் எல்லாமே இருந்தது. ஆனால் சட்டைப் பையை மூடிக்கொண்டு நின்றால் மறுபடி சந்தேகம் வரும். கொடுத்தேன். மேடம் உரக்கப் படித்தார்.

"'பூனை பாய்லர் பக்கம் போனது. திரும்பி வரவில்லை.' சரி. 'பூனை வந்தது.' சரி. 'முனிரத்தினம் ஒற்றைத் தும்மல்.' 'மேல் விளக்கு இரண்டு தடவை மினுக்கியது.' 'பாவா வந்தார். வயிறு கலக்கம்.'" இங்கே அவர் நிறுத்தி அடுத்த வரிக்குப் போனார். "'முதலாளி சிரித்தார். ஏன் என்று தெரியவில்லை.' 'பாவா வந்தார். வயிறு கலக்கம்.' 'பிரஸ் துணி மாற்றியது. வெள்ளைக்குப் பதில் கறுப்பு. பாவா கொடுத்தது. வயிறு...'"

அவர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

துணி விவரம் இதுதான். எண்ணெய் ரியாக்டருக்குள் போகும் முன்பு, மண் போட்டு வெளுத்து, சூட்டோடு பிரஸ்ஸில் வடிகட்டுவோம். அதற்குத் தடித்த வெள்ளைத் துணி சென்னையிலிருந்து வாங்குவது வழக்கம். பாவாவுக்கு அது கண்ணை உறுத்தியது. ஐயப்பன் மாலை சீசனுக்கு அவர் தறியில் போட்ட கறுப்பு வேட்டித் துணி விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்தது. நாலு மடிப்பாக மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். துணிதானே என்று முனிரத்தினம் மாட்டினான். துணிதானே என்று நானும் விட்டேன். மாட்டிய மறுநாள்தான் அந்த முதல் திங்கட்கிழமை.

பாவா எழுந்துவிட்டார். "மேடம், என் துணி சாயம் போவாது. பத்து வருஷம் துவைச்சாலும் போவாது. வேணும்னா எண்ணெயைப் பாரு, கறுத்தா கீது?"

"சாயம் போகல சார். சாயம் எதுல போட்டதுன்னு கேட்கிறேன். சல்ஃபர் பிளாக்கா? அப்படின்னா நிறம் போகாது, கந்தகம் மட்டும் சூட்டு எண்ணெயில இறங்கும்."

பாவா மறுபடி உட்கார்ந்துகொண்டார். பிறகு, "விலை கம்மி. எல்லாரும் அதான் போடறாங்க" என்றார்.

மேடம் துணியில் ஒரு கைக்குட்டை அளவு வெட்டி, கண்ணாடிக் குடுவையில் போட்டு, ஆசிட்டும் இன்னொரு பொடியும் சேர்த்துச் சூடு பண்ணினார். குடுவையின் வாயில், ஈய உப்பில் நனைத்த ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார்; கந்தகம் இருந்தால் அது கறுக்கும். கொஞ்ச நேரத்தில் காகிதம் கறுத்தது. அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதற்குள் லேப் முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

அந்நேரம் பார்த்து முதலாளி போன் பேச வெளியே போயிருந்தார். திரும்பி உள்ளே கால் வைத்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கிருத்திகை அதுவுமா எவன்யா இங்க முட்டை துன்னது?" என்றார்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பாவாவைப் பார்த்தோம்.

"நான் துன்னலை" என்றார் பாவா. அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். கறுப்புத் துணியைக் கழற்றினோம். பிரஸ்ஸைச் சோடா போட்டுக் கழுவினோம். அதே எண்ணெயை மறுபடி மண் போட்டு வெளுத்து, வெள்ளைத் துணியில் வடித்து, மறுநாள் காலையில் புது நிக்கலோடு ஏற்றினோம். ஹைட்ரஜன் திறந்து பத்து நிமிஷத்தில் முள் இறங்க ஆரம்பித்தது. அது இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப வேகமாக இறங்குகிறதோ என்று பயம் வந்தது. அது நல்ல பயம், வழக்கமான பயம். மூன்று மணி பத்து நிமிஷத்தில் முடிந்தது. சாயங்காலம் லாரி கிளம்பியது. டிரைவர் என் கையைப் பிடித்து, "ஆறு கிலோ, அண்ணா. என் கண்ணால பார்த்தேன், எங்க வேணா வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் ஒரு சர்ட்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அநேகமாக இதற்குள்ளேயே வந்துவிட்டது. முள் நின்றால் சூட்டில் கை வைக்காதீர்கள், நிக்கல் டிரம்மிலும் கை வைக்காதீர்கள். சீட்டெல்லாம் பிடித்துவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ் விட்டால், அதிலும் அவனே துண்டு போடுவான். என்ன மாறியது என்று முதலில் தேடுங்கள். 'துணிதானே' என்று ஒரு பொருளை எப்போது சொல்கிறோமோ அப்போது அதை எழுதி வையுங்கள். நான் எழுதித்தான் வைத்திருந்தேன், பூனைக்கும் தும்மலுக்கும் நடுவில். எழுதியதைத் தெரிந்தவரிடம் காட்டியிருந்தால் முதல் பேட்ச்சிலேயே முடிந்திருக்கும். பயந்தாங்கொள்ளி கவலைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறான், கேட்பதில்லை. என்னிடம் இருந்த குறை அது. உங்களில் பயந்த சுபாவக்காரர்கள் யாராவது இருந்தால் வெட்கப்படாதீர்கள். ஆனால் பக்கத்தில் ஒரு மேடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி ஒரே ஒரு விஷயம். அந்த ஆறாயிரம்.

மறுநாளே முதலாளி தீர்ப்புச் சொன்னார். நிக்கல் திருடு போகவில்லை, ஆனால் கெட்டுப் போனது உண்மை. கேட்காமல் போட்டது என் தப்பு, அந்தத் தப்புக்குத் திட்டு போதும். கெட்டது துணியால். ஆகவே மூவாயிரத்தை அவர் தன் பங்குக்குத் திருப்பித் தருவார், மூவாயிரத்தை பாவா தர வேண்டும். முதலாளி அங்கேயே எண்ணிக் கொடுத்தார். பாவா அடுத்த வாரம் என்றார்.

அடுத்த வாரம் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தேன். நாலு கறுப்பு வேட்டி. "நம்ம துணி நைனா, பத்து வருஷம் வரும். கணக்கு சரியாப் போச்சு" என்றார். வேண்டாம் என்று சொல்லப் பயந்து வாங்கிக்கொண்டேன்.

துணி நல்ல துணிதான். வீணாக்குவானேன் என்று ஒன்றை ஆடி மாசத்திலேயே கட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். துண்டு போட்டு ஜன்னலோரம் பிடித்திருந்த ஒருத்தன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "உட்காருங்க சாமி" என்றான். மாலை போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. உட்கார்ந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் மறக்காமல் இறங்கி, சீட்டைக் காலியாக்கினேன்.

ஆனால் துணி வேறு, பணம் வேறு. நான் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. இதை நீங்கள் படித்த பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்கள், வாரம் மூன்று நாள் வருகிறவர் படிப்பார் என்று எனக்குத் தெரியும். நினைத்தாலே வயிறு கலக்குகிறது. இருந்தாலும் இந்தத் தடவை நோட்டில் எழுதி மறைக்காமல், எல்லோர் பார்வையிலும் எழுதிவிடுகிறேன்.

பாவா எனக்குத் தர வேண்டிய பாக்கி: ரூபாய் மூவாயிரம்.